ஒன்பதரைப் பவுணுக்கு ஒரு தந்தி மெஷின்

2016இல் இங்கிலாந்தின் சவுத்எண்ட் பக்கம் ஒரு கொட்டிலுக்குள் கிடந்த பழைய சாமான் ஒன்று ஈபேயில் விற்பனைக்கு வந்தது. 'தந்தி இயந்திரம்' என்று போட்டிருந்தார்கள். விலை 9.50 பவுண். பிளெட்ச்லி பார்க்கில் இருக்கிற தேசிய கணினி அருங்காட்சியகத்தின் தொண்டர்கள் அதைக் கண்டுவிட்டு நேரே போய்ப் பார்த்தார்கள். குப்பைகளுக்கு நடுவில், நிலத்தில் கிடந்தது. பத்துப் பவுண் தாளைக் கொடுத்து, மிச்சத்தை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

துடைத்துப் பார்த்தால், போர்க்கால இலக்கம் ஒன்று பொறித்திருந்தது. ஸ்வஸ்திகா அடையாளமும் இருந்தது. விசைப்பலகையில் நாஜிகளின் எஸ்.எஸ். படைச் சின்னத்தை அடிக்கவென்றே தனியாக ஒரு விசை! சாதாரண தந்திக் கந்தோருக்கு அப்படியொரு விசை என்னத்துக்கு? இது ஜேர்மன் இராணுவத்தின் லோரென்ஸ் டெலிபிரிண்டர். ஹிட்லரின் தலைமையகமும் தளபதிகளும் பரிமாறிய செய்திகள் இந்த வகை மெஷினில்தான் தட்டச்சாகின. அதோடு இணைத்த இன்னொரு பெட்டி, 12 சக்கரங்களைச் சுழற்றி அவற்றை மறைகுறியாக்கும். எனிக்மாவைப் பற்றிப் படமே வந்திட்டுது. அதைவிடச் சிக்கலான லோரென்ஸைப் பற்றி எங்களில் கனபேருக்குத் தெரியாது.

ஆனால் லோரென்ஸை அடையாளம் கண்ட முதல் ஆட்கள் இந்தத் தொண்டர்கள் இல்லை. அதற்கு 75 வருடத்துக்கு முதல் அதை அடையாளம் கண்டவர்கள் மெஷினைக் கண்ணாலேயே கண்டதில்லை.

1941 ஓகஸ்ட் 30. ஜேர்மன் இயக்குநர் ஒருவர் கிட்டத்தட்ட 4,000 எழுத்து நீளமான செய்தியை அனுப்புகிறார். மற்றப் பக்கம் திருப்பி அனுப்பச் சொல்கிறது. அவரும் சக்கரங்களை மாற்றாமல் அதே அமைப்பில் வைத்துத் திரும்ப அடிக்கிறார். அலுப்பில் சில சொற்களைச் சுருக்கியும் விடுகிறார். அதுதான் வினை. ஒரே திறவுகோலில் பூட்டிய, சற்றே வித்தியாசமான இரண்டு செய்திகளை ஒன்றோடொன்று கூட்டினால் திறவுகோல் கழன்றுபோய்விடும். பிளெட்ச்லி பார்க்கில் ஜோன் டில்ட்மன் அப்படித்தான் இரண்டு செய்திகளையும் பிரித்தெடுத்தார். கூடவே மெஷின் உருவாக்கிய திறவுகோல் எழுத்துகளும் கைக்கு வந்தன.

அந்த எழுத்துக் குவியல் 24 வயது பில் டட் என்பவரிடம் போனது. அவர் அதை 575 எழுத்து நீள வரிசைகளாகத் தாளில் எழுதிப் பார்த்தார். ஒரே கோலங்கள் சாய்வாக வந்தன. வரிசையை 574 ஆக்கினார். இப்போது நேர்கீழாக வந்தன. 574ஐ 41 மீதியில்லாமல் பிரிக்கும். அப்படியென்றால் உள்ளுக்குள் 41 பற்களோடு ஒரு சக்கரம் சுழல வேண்டும்! அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய், 1942 தொடக்கத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் 12 சக்கரங்களையும் கண்டுபிடித்துவிட்டார்கள். 'டனி' என்று, அதாவது சூரை மீனின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். அசல் மெஷினை அவர்கள் பார்த்தது போர் முடிகிற நேரத்தில்தான்.

அமைப்பு விளங்கினாலும், ஒவ்வொரு செய்திக்கும் சக்கரங்கள் நின்ற இடத்தைக் கையால் தேட நேரம் போதாது. தபால் திணைக்களப் பொறியியலாளர் டொமி ஃபிளவர்ஸ் அதற்காகக் கட்டியதுதான் கொலொசஸ் கணினி. 1,500க்கு மேற்பட்ட வால்வுகள், வினாடிக்கு 5,000 எழுத்துகள். 1944 பெப்ரவரியில் வேலை தொடங்கியது. அதை இயக்கியவர்கள் கடற்படை மகளிர் சேவையைச் சேர்ந்த இளம் பெண்கள். போர் முடிகையில் பத்துக் கொலொசஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு? பெரும்பாலானவற்றைப் பிரித்துப்போட்டார்கள். வரைபடங்களை ஃபிளவர்ஸே எரிக்க வேண்டியிருந்தது. வேலை செய்த எவரும் வாய் திறக்கக்கூடாது. 1970களின் நடுப்பகுதி வரை உலகத்துக்கு இது தெரியாது. அதுவரைக்கும் முதல் மின்னணுக் கணினி என்ற பெயரை 1946இல் அறிமுகமான அமெரிக்காவின் எனியாக்தான் வைத்திருந்தது.

ஆகவே கொட்டில்காரரைக் குறை சொல்ல ஏலாது. ஒரு மெஷினின் பெயர் இரும்பில் இல்லை, அதைத் தெரிந்த ஆட்களிடம் இருக்கிறது. அவர்களின் வாயை ஓர் அரசு 30 வருடம் கட்டிவைத்தால், லோரென்ஸ் 'தந்தி மெஷின்' ஆகும், கணினியைக் கட்டினவர் யாரோ ஒருவர் ஆவார். பழைய சாமான் ஒன்றைக் கண்டால் விலையைக் கேட்க முதல், பொறித்த இலக்கத்தைத் தேடுங்கோ. தேவையில்லாத மாதிரித் தெரிகிற விசையைத் தேடுங்கோ. 'இது ஏன் இங்க இருக்கு?' என்ற கேள்விதான் சவுத்எண்டிலும் வேலை செய்தது, டட்டின் தாளிலும் வேலை செய்தது.

நோர்வே இராணுவ அருங்காட்சியகம் இரவலாகக் கொடுத்த மறைகுறியாக்கப் பெட்டிக்கு அப்போது மோட்டர் இருக்கவில்லை. அதையும் கண்டால் சொல்லச் சொல்லி அருங்காட்சியகம் அப்போதே பொதுமக்களைக் கேட்டது. பார்வைக்கு அது வெறும் கறுப்பு மோட்டர்.