மெக்ளஸ்கிகஞ்ச் – ஓர் ஊரின் கதை

பணி நிமித்தம் ராஞ்சியில் இருந்த நாட்களில், சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள மெக்ளஸ்கிகஞ்சுக்குப் போயிருக்கிறேன். அழகான பழைய பங்களாக்கள். பலவற்றில் பூட்டு தொங்கியது.

1933-ல் கல்கத்தாவைச் சேர்ந்த எர்னஸ்ட் திமோத்தி மெக்ளஸ்கி, ராத்து மகாராஜாவிடம் சுமார் 10,000 ஏக்கர் நிலம் பெற்று, தம் ஆங்கிலோ இந்திய சமூகத்தினருக்கென உருவாக்கிய ஊர் இது. சில நூறு குடும்பங்கள் குடியேறின. நிலம் இருந்தது, பிழைக்க வேலையில்லை. நாடு விடுதலை பெற்றபின் இளையவர்கள் பலர் வெளிநாடு சென்றனர், முதியவர்கள் தங்கிவிட்டனர். 1997-ல் டான் பாஸ்கோ பள்ளி வந்தபின், எஞ்சியவர்கள் சிலர் வீடுகளை மாணவர் விடுதிகளாக்கி ஓரளவு நிமிர்ந்தனர்.

வீடும் நிலமும் மட்டும் ஊராகிவிடாது. அடுத்த தலைமுறைக்குப் பிழைப்பும் வேண்டும். திரும்பும் வழியில், பூட்டிக் கிடக்கும் எங்கள் அக்ரஹாரத்து வீடுகள்தான் நினைவுக்கு வந்தன.