வீட்டு வைஃபையில் அனுமதியின்றி நுழைவோர்: கண்டறிவதும் தடுப்பதும்

பிறர் வீட்டுக்குள் சலாம் கூறி, அனுமதி பெற்ற பின்னரே நுழைய வேண்டும் என்று திருக்குர்ஆனின் 24:27 வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. நாம் பணம் கட்டிப் பெறும் வைஃபையும் வீட்டின் ஒரு வாசல்தான். அதில் அனுமதியின்றி நுழைவது கூடாது. அதைத் திறந்து போட்டு வைப்பதும் அறிவுடைமை அல்ல.

இழப்பு வேகக் குறைவோடு நிற்பதில்லை. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாகச் சென்றிருந்தது. விசாரணை அவர் வீட்டு வாசலுக்குத்தான் வந்தது. நம் இணைப்பில் யார் எதைச் செய்தாலும் முதலில் கேள்வி கேட்கப்படுபவர்கள் நாமே.

கண்டறிவது எப்படி?

ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் அதன் முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை பிரவுசரில் தட்டி உள்ளே சென்றால், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் கிடைக்கும். டிவி, பிரிண்டர், கேமரா போன்றவையும் அதில் வரும். செல்போன்கள் சில வேளை அறியாத பெயரில் தெரியும். ஆகவே நம் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பட்டியலைப் பார்க்கும் கருவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்த பிறகும் எஞ்சி நிற்பது அந்நியருடையதாக இருக்கலாம்.

அப்போதும் அண்டை வீட்டாரைக் குற்றம் சாட்ட விரைய வேண்டாம். சந்தேகங்களில் அதிகமானவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது 49:12 வசனம். நம் பிள்ளைகளே நண்பர்களுக்கு க்யூஆர் கோடைக் காட்டியிருக்கலாம். முதலில் வீட்டில் விசாரியுங்கள்.

தடுப்பது எப்படி?

1. வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். பழைய பாஸ்வேர்டுடன் இணைந்த அனைவரும் துண்டிக்கப்படுவர். 12 எழுத்துகளுக்குக் குறையாமல் வையுங்கள். பெயரும் செல் நம்பரும் வேண்டாம்.

2. ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு. அதையும் மாற்றுங்கள்.

3. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். பழைய டபிள்யூஇபி எளிதில் உடைக்கப்படுவது.

4. டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்து விடுங்கள்.

குறிப்பிட்ட கருவியை மட்டும் 'பிளாக்' செய்வது போதாது. கருவியின் முகவரியை மாற்றிக்கொண்டு மீண்டும் நுழைய முடியும்.

விருந்தினருக்கும் தேவையுள்ள அண்டை வீட்டாருக்கும் கொடுக்க விரும்பினால், ரவுட்டரில் உள்ள 'கெஸ்ட் நெட்வொர்க்' மூலம் தனிப் பாஸ்வேர்டு கொடுக்கலாம். தேவை முடிந்ததும் அதை அணைத்து விடலாம்.

அதேபோல், பிறருடைய வைஃபை நம் செல்போனில் தானாக இணைந்திருந்தால், உரியவரிடம் அனுமதி கேட்போம். இல்லையேல் துண்டித்து விடுவோம். பிறர் உரிமையைப் பேணி வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!