என்சலாடாங் பிப்பீனோ

பிலிப்பைன்ஸ் வீடுகளில் சோற்றோடு தொட்டுக்கொள்ளும் வெள்ளரிக்காய் சாலட். வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காயும் சின்ன வெங்காயமும் வினிகர், சர்க்கரை, உப்பு, மிளகுத்தூள் கலந்த நீரில் ஊறியிருக்கும். தக்காளி, இஞ்சி, மிளகாய் ஆகியவை வீட்டுக்கு வீடு சேரும், விடுபடும். அடுப்பு தேவையில்லை. சாலட் என்றதும் சாப்பாட்டுக்கு முன் தனித்தட்டில் வருவது என்று எண்ண வேண்டாம். பொரித்த மீன், கரியில் சுட்ட பன்றி இறைச்சி போன்றவற்றின் கொழுப்பு நாக்கில் தங்காமல் இருக்கச் சோற்றுக்குப் பக்கத்தில் சிறு கிண்ணத்தில் வைப்பது இது. நம் இலையில் ஊறுகாய்க்கும் பச்சடிக்கும் நடுவே ஓர் இடம் இருந்தால், அதுதான் இதன் இடம்.

வெள்ளரி இமயமலை அடிவாரத்துக் கொடி. அங்கே இன்றும் தானாக முளைக்கும் அதன் காட்டு இனமான ஹார்ட்விக்கியின் காயை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு கசப்பு. இந்தியாவில் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளாகப் பயிராகி, கசப்பு குறைந்து, கிழக்கு நாடுகளுக்கும் பரவியது. ஆனால் பிலிப்பைன்ஸில் அது அவ்வளவாக உறவு கொண்டாடியதாகத் தெரியவில்லை. அந்நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பாடும் ‘பாஹாய் கூபோ’ என்ற நாட்டுப்பாடல், ஒரு குடிசையைச் சுற்றி வளரும் 18 பயிர்களை அடுக்கிச் சொல்கிறது. இந்த சாலட்டில் சேரும் தக்காளி, வெங்காயம், இஞ்சி மூன்றும் அதில் உண்டு. பீர்க்கும் சுரையும்கூட உண்டு. வெள்ளரிக்காய் இல்லை. கிண்ணத்தில் பெரும்பங்கு வெள்ளரிக்காய்தான் என்றாலும், இந்தப் பண்டத்தின் வரலாறு வினிகரின் வரலாறு.

அந்த வரலாறு ஸ்பானியர் வருகைக்கு முந்தியது. மிண்டனாவோ தீவின் புட்டுவானில் 1987இல் நடந்த அகழாய்வில், 10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்த மீன் எலும்புகளோடு, பாதியாக வெட்டிய தாபோன்-தாபோன் காய்களும் கிடைத்தன. பச்சை மீனைப் புளிப்பில் ஊறவைத்து உண்ணும் கினிலாவ் என்ற உணவில், கவிச்சை போக்க அப்பகுதியில் இன்றும் சேர்ப்பது அதே காய்தான். மகெல்லனின் கப்பல்கள் 1521 மார்ச்சில் ஹோமோன்ஹோன் தீவில் தங்கியபோது, உடன் வந்த அந்தோனியோ பிகஃபெத்தா, இம்மக்கள் தென்னையிலிருந்தே கள், எண்ணெய், வினிகர் எல்லாம் எடுக்கிறார்கள் என்று வியந்து எழுதினார். 1613இல் பீலா என்ற ஊரில் அச்சான பெத்ரோ தே சான் புவெனவெந்தூராவின் தகாலோக் அகராதியிலும் கினிலாவ் இடம்பெற்றது.

இந்த வினிகருக்குத் தனித் தொழில்நுட்பம் வேண்டியதில்லை. இறக்கிய கள்ளை மூடி வைத்தால், அந்த வெக்கையில் ஓரிரு நாளில் புளித்துவிடும். இன்னும் சில வாரம் விட்டால் காடி. விசாயாஸ் தீவுகளில் கள்ளில் கண்டல் மரப்பட்டையைப் போடுவதால், அங்கே வினிகரும் செம்மண் நிறம் ஏறியிருக்கும். புலக்கான் மாகாணத்தின் பவோம்போங், சதுப்பு நிலத்து நிப்பா பனையின் வினிகருக்குப் பேர்பெற்ற ஊர். வடக்கே இலோக்கோஸில் கரும்புச்சாறு. அந்த வினிகர் கருத்து, அடர்ந்திருக்கும். இலோயிலோவில் மிளகாய், பூண்டு, இஞ்சி எல்லாம் போத்தலிலேயே ஊறிக் கிடக்கும், அதன் பெயர் சினாமாக். ஒரே வெள்ளரிக்காய், ஊருக்கு ஊர் வேறு ருசி.

ஸ்பானியர் 1565இல் குடியேறினர். உணவின் பெயரில் உள்ள இரண்டு சொற்களும் அவர்கள் கொடுத்தவை. ஆனால் அவர்களது சாலட்டில் ஆலிவ் எண்ணெய் தவறாது. இங்கே எண்ணெயே கிடையாது. பெயர் மாறியது, கைப்பக்குவம் மாறவில்லை என்பதே பொருத்தம். விசாயாஸில் இதே பண்டத்தை இன்றும் வெள்ளரிக்காய்க் கினிலாவ் என்றே அழைக்கிறார்கள். ஸ்பானியர் காலத்தின் உண்மையான கொடை தக்காளியும் மிளகாயும். 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்காபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களைக் கொண்டுவந்தன. அதே கப்பல்களில் போன பிலிப்பைன்ஸ்காரர்கள் கள் இறக்கும் தொழிலை மெக்சிகோவில் விட்டுவந்தார்கள். கொலிமா பகுதியில் ‘தூபா’ என்ற பிலிப்பைன்ஸ் பெயரிலேயே அந்தக் கள் இன்றும் விற்பனையாகிறது. 1855இல் இலோயிலோ துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தபின் நீக்ரோஸ் தீவு கரும்புத் தோட்டமாயிற்று. இந்த சாலட்டில் நமக்குச் சற்றுத் திகட்டும் அளவுக்கு இனிப்பு ஏறியதற்கு, மலிந்த சர்க்கரையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

அமெரிக்க ஆட்சிக்காலம் மயோனைஸையும் டப்பாப் பழங்களையும் கொண்டுவந்தது. இப்போது அங்கே ‘சாலட்’ என்றால் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் க்ரீம் போட்ட பழக்கலவைதான் பலருக்கு நினைவு வரும். வினிகர்ப் பண்டங்கள் ‘என்சலாடா’ என்ற பழம்பெயரிலேயே நின்றுவிட்டன.

பிற்காலத்தில் தொழிற்சாலை வெள்ளை வினிகர் சமையலறைகளைப் பிடித்துக்கொண்டது. பிலிப்பைன்ஸ் அணு ஆராய்ச்சி நிறுவனம் கடைகளில் வாங்கிய வினிகர்களைச் சோதித்து, அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது செயற்கை அசிட்டிக் அமிலம் என்று 2019இல் அறிவித்தது. செடிகளிலிருந்து புளித்த வினிகரில் கார்பன்-14 இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து எடுத்ததில் இருக்காது. உணவுச் சட்டப்படி வினிகர் நொதித்தே வர வேண்டும் என்பதால் விவகாரம் பெரிதாயிற்று.

வீட்டில் செய்ய நடுத்தர வெள்ளரிக்காய் இரண்டு போதும். கசப்பு தரும் குகுர்பிட்டசின் காம்புப் பக்கம்தான் கூடுதலாக இருக்கும், எனவே அந்த முனையைத் தாராளமாகவே வெட்டி எறியலாம். தோலைக் கோடுகோடாகச் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்தால் தட்டில் நீர் தேங்கும். அந்த நீரை ஒட்டப் பிழிந்துவிட வேண்டும். பலர் தவிர்க்கும் படி இதுதான். தவிர்த்தால் காய் பிறகு விடும் நீரில் வினிகர் சப்பென்றாகிவிடும். அரைக் கோப்பை வினிகரில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையை முழுதாகக் கரைத்து, மிளகுத்தூள், நறுக்கிய சின்ன வெங்காயம், குச்சியாக அரிந்த இஞ்சி சேர்த்துக் காயின் மேல் ஊற்ற வேண்டும். அரைமணி நேரம் குளிரில் இருந்தால் உண்ணலாம். மறுநாள் வரை வைத்தாலும் கெடாது. ஆனால் அமிலம் பச்சையத்தைச் சிதைப்பதால் காயின் விளிம்பு காக்கி நிறமாகும், மொறுமொறுப்பும் போய்விடும். விசாயாஸில் சில வீடுகளில் கடைசியாகக் கெட்டித் தேங்காய்ப்பால் விடுவதுண்டு. அப்படிச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுவார்கள்.