கையொப்பமும் சந்தாவும்

தமிழில் பத்திரிகை தொடங்கியவர்களின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள், அவர்களுடைய லட்சியத்தையும் தியாகத்தையும் விஸ்தாரமாக எடுத்துரைத்துவிட்டு, முதல் இதழ் அச்சேறுவதற்கு முன் அவர்கள் போட்ட கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே போய்விடுவது வழக்கமாக இருக்கிறது. லட்சியத்துக்குக் குறைவில்லாத பத்திரிகைகள் பல ஓராண்டுக்குள் மறைந்திருக்க, வேறு சில தலைமுறைகளைத் தாண்டி நிலைத்திருப்பதன் காரணத்தை ஆராய்ந்தால், அது பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

அந்தக் கணக்கின் பூர்வ ரூபம் பத்திரிகைகளுக்கு முற்பட்டது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் ஒரு நூலை அச்சிட விரும்பிய புலவர், காகிதம் வாங்குவதற்கு முன் ஊர் ஊராகச் சென்று, நூல் வெளிவந்ததும் இன்ன விலை கொடுத்து வாங்கிக்கொள்வதாகக் கனவான்களிடம் கையொப்பம் பெறுவது வழக்கம். கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து முடித்ததும் இத்தகைய கையொப்பக்காரர்களின் ஆதரவைக் கொண்டேதான். படிப்பவன் யார், அவன் எங்கே இருக்கிறான், எவ்வளவு கொடுப்பான் என்பதெல்லாம் முதல் பாரம் அச்சாவதற்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிவாகியிருக்கும். பத்திரிகை தொடங்கியவர்கள் இந்தப் பழக்கத்தையே சந்தா என்ற பெயரில் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டியவர்களானார்கள். நூலுக்கு ஒருமுறை கேட்டால் போதும், பத்திரிகைக்கோ கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சென்னை ஹைகோர்ட்டில் டி. முத்துசாமி ஐயர் நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இழித்துரைத்ததைக் கண்டு மனம் பொறாத இளைஞர் அறுவர், ஒரு ரூபாய் பன்னிரண்டணாவைக் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20ஆம் தேதி 80 பிரதிகளுடன் ‘ஹிந்து’ என்ற ஆங்கில வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள் என்பது பிரசித்தம். அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், நான்காண்டுகள் கழித்து 1882இல் ‘சுதேசமித்திரன்’ என்ற தமிழ் வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். ஆங்கிலம் கற்றவர்கள் தமிழில் செய்தி படிப்பதைக் கௌரவக் குறைவாக எண்ணிய காலத்தில், அதைத் தினசரியாக்க அவர் அவசரப்படவில்லை. 1898இல் ‘ஹிந்து’விலிருந்து விலகித் தம் பொருளையும் முயற்சியையும் முழுமையாக இதில் ஈடுபடுத்திய பிறகே, 1899இல் சுதேசமித்திரன் நாள்தோறும் வெளிவரலாயிற்று. வாசகர் கூட்டம் ஒன்று உருவாவதற்குப் பதினேழாண்டுகள் காத்திருந்த அந்தப் பொறுமை, அவருடைய அரசியல் துணிவைப் போலவே போற்றத்தக்கது.

சந்தாவையே ஒரு கொள்கைப் பிரகடனமாக மாற்றிக் காட்டியது பாரதியாரின் ‘இந்தியா’. 1906இல் சென்னையில் தொடங்கிய அந்த வாரப் பத்திரிகை, அரசாங்கத்தாருக்கு ஆண்டுச் சந்தா 50 ரூபாய் என்றும், ஜமீன்தார்களுக்கும் வருமானம் மிக்கவர்களுக்கும் அவரவர் நிலைக்கேற்ற தொகை என்றும், சாமானியர்களுக்கு 3 ரூபாய் என்றும் விகிதம் வகுத்தது. இது யாருக்காக நடத்தப்படும் பத்திரிகை என்பதை அறியத் தலையங்கம் வரையில் போகவேண்டியதில்லை. சந்தா விவரமே சொல்லிவிடும். ஆனால் அக்காலத்துப் பத்திரிகைக்காரனுடைய கணக்கில் சட்டமும் ஒரு செலவினமாகவே இருந்தது. 1908இல் ராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சட்டப்படி அதன் ஆசிரியராகப் பதிவாகியிருந்த எம். சீனிவாசன் ஐந்தாண்டுத் தண்டனை பெற, பத்திரிகை புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையக் கூடாதென்று தடை விதிக்கப்பட்டதும், சந்தாதாரர்கள் இருந்தும் அவர்களை எட்ட வழியின்றி, 1910இல் நின்றுபோயிற்று.

ஆசிரியர்களின் பெயர் நிலைத்த அளவுக்கு, பத்திரிகை அலுவலகத்தின் அன்றாட வேலை எவர் நினைவிலும் நிற்கவில்லை. சிறிய அச்சுக்கூடங்களில் இரண்டு மூன்று பாரங்களுக்கு மேல் எழுத்து இராது. ஆகவே கம்பாசிட்டர் எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ கோத்து, புரூப் திருத்தி, அச்சடித்து முடிந்ததும் எழுத்துக்களைப் பிரித்து அறைகளில் திரும்பப் போட்ட பிறகே அதற்கு மேற்பட்ட பாரங்களைத் தொடங்க முடியும். கட்டுரையாளர் ஒருவர் தாமதித்தால் முழுப் பாரமும் காத்துக் கிடக்கும். இதழ் வெளியானதும் ராப்பர் ஒட்டும் வேலை. சந்தாக் காலம் முடிந்தவர்களுக்கு, தபால்காரரிடம் பணம் கட்டிப் பெற்றுக்கொள்ளும் வி.பி.பி.யில் அனுப்பும் வேலை. தபால்காரர் கொண்டுபோன கட்டை அந்தச் சந்தாதாரர் வாங்க மறுத்தால், அது திரும்பி வரும்; தபால் செலவு பத்திரிகையின் தலையில் விழும். எத்தனையோ பத்திரிகைகளின் ஆயுள், இப்படித் திரும்பி வந்த கட்டுகளின் உயரத்தால் நிர்ணயிக்கப்பட்டது.

இந்த நிலைமையை மாற்றும் மார்க்கத்தைக் கண்டவர் எஸ். எஸ். வாசன். பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’ என்ற மாதப் பத்திரிகை நடத்த முடியாமல் நின்றபோது, விளம்பர ஏஜெண்டாக இருந்த வாசன், எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து, 1928இல் அதன் பெயரை வாங்கினார் என்பார்கள். விளம்பரம் கொடுப்பவன் எதை எதிர்பார்ப்பான், தபாலில் சாமான் தருவிக்கும் கிராமத்து மனிதன் எதைக் கண்டு கவரப்படுவான் என்பவற்றைத் தம் தொழிலிலேயே கற்றிருந்த அவர், சிரிப்பையும் சித்திரங்களையும் தொடர்கதையையும் குறுக்கெழுத்துப் போட்டியையும் கொண்டு, அதுவரையில் பத்திரிகை வாங்கியே அறியாத குடும்பங்களைத் தேடிச் சென்றார். கல்கி ஆசிரியப் பொறுப்பேற்ற பின் அந்த வெற்றி இலக்கியப் பொலிவும் பெற்றது. கையொப்பம் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கிய சாமிநாதையரின் சுயசரிதை, 1940 முதல் இதே விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, அவர் ஒருநாளும் சந்தித்திராத ஆயிரக்கணக்கானவர்களை அடைந்தது.

இதற்கிடையே 1933இல் கே. சீனிவாசன், வ. ரா., டி. எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் தொடங்கிய ‘மணிக்கொடி’, பின்னர் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைப் பத்திரிகையாக மாறி, ஒரு தலைமுறை எழுத்தாளர்களை உருவாக்கியபோதிலும், பொருள் முடையினின்றும் மீள முடியாமல் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ஓய்ந்தது. அதற்கு நேர்மாறாக, 1941இல் கல்கியும், பாடகி எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் கணவர் சதாசிவமும் ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கியபோது, உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தும் இரண்டு பலங்கள் அவர்கள் கைவசம் இருந்தன: ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்ததற்கு சுப்புலக்ஷ்மி பெற்ற பணம் ஒன்று; விகடனில் கல்கியின் எழுத்துக்குப் பழகி, அவர் எங்கே சென்றாலும் பின்தொடரத் தயாராயிருந்த வாசகர்கள் மற்றொன்று. முதலாண்டிலேயே ‘பார்த்திபன் கனவு’ தொடராக வரத் தொடங்கியது, அந்த வாசகர்களைப் பிடித்து நிறுத்துவதற்கான திட்டத்தின் ஒரு பகுதியே.

விற்பனை பெருகுவதே வெற்றி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த காலத்தில், 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ மாத ஏட்டை வெளியிட்டு, 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தாமே ஒரு வரம்பு கட்டிக்கொண்டார். விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் இடம் தரும் பத்திரிகை தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு வேண்டியிருக்கும் என்பதை அவர் அறிந்தேயிருந்தார். பிரசுரங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்ற அவருடைய பிரயாசையில், 119 இதழ்கள் வெளிவந்து, 1970இல் ‘எழுத்து’ நின்றது. புதுக்கவிதைக்குத் தமிழில் ஓர் ஸ்திரமான இடம் கிடைத்ததற்கு அந்த இதழ்களே பெருங்காரணம்.

வாசனும் செல்லப்பாவும் நோக்கத்தில் எதிரெதிர்த் துருவங்களே என்றாலும், ஒரு விஷயத்தில் ஒரே ரகத்தவர்: தம் பத்திரிகையை யார் படிப்பார்கள் என்பதை முதல் இதழுக்கு முன்பே தீர்மானித்துக்கொண்டு, பிறகு அந்தத் தீர்மானத்துக்குத் துரோகம் செய்யாதவர்கள். செல்லப்பாவின் வாசகர்களைக் கொண்டு விகடனை நடத்தியிருக்க முடியாது. விகடனின் வாசகர்களை விரும்பியிருந்தால் ‘எழுத்து’ பிறந்திருக்கவே முடியாது. ஆகவே ஒரு பத்திரிகை வெற்றி பெற்றதா என்று தீர்ப்புச் சொல்ல விரும்புகிறவர்கள், எத்தனை பிரதி விற்றது என்று கேட்பதற்கு முன்னால், தொடங்கியவர் எத்தனை பேரை உத்தேசித்தார், அவர்களில் எத்தனை பேர் மறு ஆண்டும் சந்தா கட்டினார்கள் என்று கேட்பதே நியாயம்.