ஈஸாவோடு நின்றுபோன பட்டியல்

பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை எமது ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒருவர் பழைய மாணவர் பட்டியல் ஒன்றைப் போட்டிருந்தார். திறந்து பார்த்தவர்களுக்கெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகத் தெரிந்தது. வைரஸ் என்றார் ஒருவர். ஃபோன் பழுது என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை, அது பாமினி. ஆசிரியர் அறையில் இருந்த நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதே பாமினியால் ஒரு வருடம் முழுக்க இந்த ஊரிடம் ஏச்சு வாங்கியவர்கள் நாங்கள். அன்று யாருக்கும் சரியாக விளங்கப்படுத்த முடியவில்லை. இன்று எழுதுகிறோம்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம். வறிய மாணவர்களுக்குப் புத்தகப் பையும் சப்பாத்தும் மாதாந்தம் ஒரு தொகையும் தருவதாக ஓர் உதவி நிறுவனம் அறிவித்தது. பெயர் வேண்டாம். அவர்கள் தந்த எக்செல் தாளில் பெயர்களை நிரப்பி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். தாள் தானாகவே அந்தப் பெயர்களை எக்ஸ்எம்எல் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்பும். அங்கே ஒரு மென்பொருள் அந்த மின்னஞ்சலைத் திறந்து, வாசித்து, பதிவேட்டில் ஏற்றிவிடும். இடையில் மனிதக் கை படாது. அதுதான் பெருமை என்றார்கள்.

நாங்கள் 43 பெயர்களை நிரப்பினோம். ஊர்ப் பிள்ளைகளின் விபரம் பாடசாலையிலேயே இருந்ததால் அதை முதலில் அடித்தோம். முகாம் பிள்ளைகளின் விபரத்தை வீடு வீடாகப் போய் எடுத்துவந்து கீழே சேர்த்தோம். இரண்டு மாதம் கழித்து 23 பிள்ளைகளுக்கு உதவி வந்தது. 20 பேருக்கு வரவில்லை. அந்த 20 பேரில் அநேகமானோர் முகாம் பிள்ளைகள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு எமது கரைக்கு வந்த சனங்களுக்கும் ஊர்ச் சனங்களுக்கும் இடையில் இருந்த மனக்கசப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. தண்ணீரிலும் இருந்தது, தொழிலிலும் இருந்தது, பாடசாலை அனுமதியிலும் இருந்தது. அதற்கு நடுவில் இப்படி ஒரு பட்டியல். பாடசாலை வாசலில் ஒரு தாய் நின்று, "எங்கட புள்ளையள மட்டும் விட்டுட்டீங்களே சேர்" என்று கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை. அனுப்பிய மின்னஞ்சல் அனுப்பிய பெட்டியில் பத்திரமாக இருந்தது. 43 பெயரும் இருந்தன. பிழை என்று எந்தத் தகவலும் எங்களுக்கு வரவில்லை. பிழைத் தகவல் உண்மையில் போயிருக்கிறது, ஆனால் யாரும் திறந்து பார்க்காத வேறொரு முகவரிக்கு. அதைப் பிறகுதான் அறிந்தோம்.

ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்த எங்கள் பழைய மாணவர் ஒருவர் இதைக் கேட்டார். மென்பொருள் துறையில் வேலை செய்பவர். "அனுப்பின மெயிலை அழகுபடுத்தாம அப்படியே காட்டுங்க சேர்" என்றார். எந்த மின்னஞ்சலுக்கும் நாம் காணும் முகத்துக்குப் பின்னால் ஒரு மூல வடிவம் உண்டு. அதைத் திறந்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு வந்தவர் 24ஆவது பெயரில் நிறுத்தினார். அது ஈஸா.

இங்கே பாமினியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாமினியில் "உம்மா" என்று அடித்தால் திரையில் உம்மா என்றுதான் தெரியும். கணனிக்குள்ளோ இருப்பது சி, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உடுப்பு மாட்டிவிடுகிறது, அவ்வளவுதான். உடுப்பைக் கழற்றினால் உம்மா இல்லை. அந்தக் கணக்கில் "ஈ" எழுத்துக்கு பாமினியில் உரிய விசை, கணிதத்தில் "சிறியது" என்று காட்ட நாம் போடும் இடப்பக்கக் கூர்க்குறி. எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு விபரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுவதும் அதே கூர்க்குறிதான். ஆகவே அங்கிருந்த மென்பொருள் ஈஸா என்ற பெயரைக் காணவில்லை. ஏதோ ஒரு புதிய விபரம் தொடங்குகிறது என்று நினைத்து, அது அரைகுறையாக இருக்கக் கண்டு நின்றுவிட்டது. தாளைத் தயாரித்தவர்கள் அந்தக் குறியை மாற்றுக் குறியீடாக்கி அனுப்பியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஈமான் என்று அடித்திருந்தாலும் இதே கதிதான், ஈத் என்று அடித்திருந்தாலும் இதே கதிதான்.

நின்றது மென்பொருளின் குற்றமா? இல்லை, விதியே அப்படி. எக்ஸ்எம்எல் 1.0 வெளியானது 1998 பெப்ரவரி 10ஆம் திகதி. அமைப்பில் ஒரு பிழை கண்டால் அதற்கு மேல் வழமைபோல் வாசிக்கக் கூடாது என்று அதில் எழுதியே வைத்தார்கள். இணையப் பக்கங்களில் பிழை இருந்தால் உலாவி ஊகித்துச் சமாளித்துவிடும். பணமும் மருந்தும் பெயரும் போகும் கடிதத்தில் ஊகம் கூடாது என்பது அவர்கள் நியாயம். அது சரியான நியாயம் என்றே இன்றும் நினைக்கிறோம். நின்றதை உரியவருக்குச் சொல்லாமல் விட்டதுதான் தவறு. இன்னொன்று, பிழை கண்டால் முழுப் பட்டியலையும் திருப்பியிருக்க வேண்டும். 23ஐ ஏற்றிவிட்டு 20ஐ விட்டது எப்படி? எக்ஸ்எம்எல் கடிதத்தை முழுவதும் நினைவகத்தில் ஏற்றிய பிறகு வாசிப்பது ஒரு முறை. வலை இழுப்பது போல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வாசிப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் வாசித்தவர்கள், கிடைத்த பெயரை உடனுக்குடன் பதிந்துகொண்டே போயிருக்கிறார்கள்.

அன்று அந்த மாணவர் சொன்ன இன்னொரு விடயம் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. "சேர், இந்தக் கடிதப் போக்குவரத்துக்கு உலகம் பாவிக்கிற மென்பொருள்கள்ல முக்கியமான சிலது கொழும்புல பிறந்தது." நாங்கள் நம்பவில்லை. தேடிப் பார்த்தோம். உண்மை.

எமது நாட்டில் மின்னஞ்சல் 1990இல் லேர்ன்மெயில் என்ற பெயரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையில் தொடங்கியது. முன்னின்றவர் மொறட்டுவப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவ. தொலைபேசி வழியே அழைத்து, சேர்ந்திருக்கும் கடிதங்களைக் கட்டாக மாற்றிக்கொள்ளும் காலம் அது. 1982இல் எழுதப்பட்ட மின்னஞ்சல் விதிகள் 128 குறியீடுகளை மட்டுமே அறிந்தவை. அதற்குள் ஆங்கிலம் அடங்கும், தமிழுக்கு இடமில்லை. பிற எழுத்துகளையும் படங்களையும் பாதுகாப்பாகப் பொதி கட்டி அனுப்பும் முறையை நதானியல் போரென்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் 1992இல் கொண்டுவந்தார்கள். பாமினி போன்ற எழுத்துருக்கள் எம்மிடையே நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளே பெரும்பாலும் ஆங்கில விசைகளே இருப்பதால் எந்தப் பழைய வழியாலும் சேதமில்லாமல் போய்ச் சேரும். யுனிகோட்டில் 1991 முதலே தமிழ் இருந்தது. நாங்கள்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

1998இல் மைக்ரோசொஃப்ட்டுக்காக நான்கு பேர், எக்ஸ்எம்எல் கடிதத்தைக் கவரில் போட்டு ஒரு கணனியிலிருந்து மற்றதற்கு அனுப்பும் முறையை வகுத்தார்கள். அதன் பெயர் ஸோப். பிள்ளைகளிடம் சொன்னால் சவர்க்காரமா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவர் மொஹ்ஸின் அல்-கொஸைன். ஒரு கணனி தன்னிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும் என்று அறிவிக்கும் விபரப் பத்திரத்தின் முறை 2001இல் வெளியானது. அதை எழுதிய நால்வரில் ஒருவர் அப்போது ஐபிஎம்மில் இருந்த இலங்கையர் சஞ்சீவ வீரவரண. அவர் நாடு திரும்பினார். 2003இல் லங்கா சொஃப்ட்வெயர் பவுண்டேஷன் உருவானது. 2004 ஓகஸ்டில் கொழும்பில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் அப்பாச்சி அக்சிஸ்2 என்ற மென்பொருளின் பேச்சு முதலில் எழுந்தது. மேலே சொன்ன, இழுத்து இழுத்து வாசிக்கும் முறைதான் அதன் அடித்தளம். பெரிய கடிதத்தையும் குறைந்த நினைவகத்தில் கையாள அது உதவியது.

அந்தக் கூட்டம் நடந்து நான்கு மாதத்தில், டிசம்பர் 26, சுனாமி. கிழக்கைப் போன்ற பேரழிவு எமது கரைக்கு வரவில்லை. ஆனால் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் உறவு இல்லாத வீடு இங்கே எத்தனை? யார் எந்த முகாமில், யாரைக் காணவில்லை என்ற பட்டியல்கள் கடதாசிகளில் சிதறிக் கிடந்தன. லங்கா சொஃப்ட்வெயர் பவுண்டேஷனைச் சூழ்ந்திருந்த தன்னார்வலர்கள் சில வாரங்களில் சஹன என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனோரையும் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் ஒரே இடத்தில் பதிந்தது. 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் அது போனது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அமைப்பின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. எங்கள் பட்டியலும் அதே வகைப் பட்டியல்தான் என்பதை அன்றைக்கு யோசித்துப் பார்த்தோம்.

2005இல் சஞ்சீவ வீரவரணவும் நண்பர்களும் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே வருடம் சினாப்ஸ் என்ற திட்டம் அப்பாச்சியில் தொடங்கியது. சினாப்ஸ் என்றால் நரம்புச் சந்தி. எமது ஆட்களுக்குப் பாலாவிச் சந்தி என்று சொன்னால் விளங்கும். கொழும்பு வாகனம், புத்தளம் வாகனம், கற்பிட்டி வாகனம் எல்லாம் அங்கே வந்து தத்தம் பாதைக்குத் திரும்புவது போல, இணையத்தால் வந்த கடிதத்தை மின்னஞ்சலாகவும், மின்னஞ்சலாக வந்ததைக் கோப்பாகவும் அது திருப்பிவிடும். பெரிய நிறுவனங்கள் உலகெங்கும் இதைப் பாவித்தன. எங்கள் 43 பெயரும் இப்படியான ஏதோவொரு சந்தியால்தான் போயிருக்க வேண்டும். சந்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும் லொறியில் ஏற்றியது பிழை என்றால் பிழைதான்.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் மிகக் கவனமாக யுனிகோட்டில் அடித்தோம். இந்த முறை ஈஸா உட்பட எல்லாப் பெயரும் ஏறின. ஆனால் ஒரு பெயரையாவது வாசிக்க முடியவில்லை. எங்கு பார்த்தாலும் வட்டத்துக்குள் ஆர் எழுத்து! உங்களில் பலரும் இதைக் கண்டிருப்பீர்கள். காரணம் இதுதான். யுனிகோட்டின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று துண்டாகப் போகும். "க", "ம" போன்ற பெரும்பாலானவற்றில் முதல் இரண்டு துண்டும் ஒன்றே. மேற்கத்திய முறை என்று நினைத்து வாசிக்கும் கணனிக்கு அதில் இரண்டாவது துண்டு, வட்டமிட்ட ஆர். கடிதத்துக்குள் "இது யூடிஎஃப்-8" என்று தெளிவாக எழுதியிருந்தோம். ஆனால் மின்னஞ்சலின் வெளிக்கவரில் அது குறிப்பிடப்படவில்லை. 2001 ஜனவரியில் வெளியான விதிப்படி, வெறும் எழுத்துவகை எக்ஸ்எம்எல் என்று மட்டும் கவரில் இருந்தால், உள்ளே என்ன எழுதியிருந்தாலும் அதை ஆங்கிலக் குறியீடாகவே கொள்ள வேண்டும். கவர் சொல்வது கடிதம் சொல்வதை வெல்லும். 2014இல்தான் இந்த விதியை மாற்றினார்கள். கவரில் ஒரு சொல் சேர்த்ததும் பெயர்கள் வந்துவிட்டன.

இப்னு பதூதா 1344இல் இந்தக் கரையில் இறங்கியபோது ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது என்று எழுதி வைத்திருக்கிறார். அதனால் இருவரும் பேசிக்கொண்டார்கள். எந்த மொழியில் பேசுகிறோம் என்பது முதலில் ஒத்துப்போக வேண்டும். எங்கள் மின்னஞ்சலுக்கு அது வாய்க்கவில்லை.

பிறகும் சில்லறைத் தொல்லைகள் இருந்தன. அந்த நாட்களில் சாதாரணக் குறிப்பேட்டு மென்பொருளில் திருத்திச் சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று துண்டுகள் ஒட்டிக்கொண்டன. வாசிக்கும் மென்பொருள் சில, முதல் வரிக்கு முன்பே ஏதோ இருக்கிறது என்று மறுத்துவிடும். தகப்பனின் தொழில் இடத்தில் "அன்ட் சன்ஸ்" கடைப் பெயரை அந்தச் சுருள் குறியோடு அடித்தாலும் ஈஸாவுக்கு நடந்ததே நடக்கும்.

அந்த 20 பிள்ளைகளுக்கும் எட்டு மாதம் பிந்தி உதவி வந்தது. போன மாதங்களின் பணம் வரவில்லை. நாங்கள் இருவர் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய், ஒரு கடதாசியில் "ஈ" என்று எழுதி, பக்கத்தில் கூர்க்குறியையும் போட்டுக் காட்டினோம். அவர் நீண்ட நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இந்த ஒரு எழுத்தாலயா சேர்?" என்றார். பிறகு தேத்தண்ணி ஊற்றப் போனார். நம்பினாரா இல்லையா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

எமது பாடசாலை அலுமாரியில் பாமினியில் அடித்த பழைய பதிவேடுகள் இறுவட்டுகளில் இன்னும் கிடக்கின்றன. பள்ளிவாசல் நிக்காஹ் பதிவுகளிலும் ஜனாஸாப் பதிவுகளிலும் ஒரு பகுதி அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். உயர்தர மாணவர்கள் ஆறு பேர் அவற்றை யுனிகோட்டுக்கு மாற்ற முன்வந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படிக் கோப்பு எதுவும் இருந்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலை நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.