ஆடும் கண்களும் மறைந்த கட்டியும்

நோயின் குறி ஓரிடத்தில் தோன்ற, அதன் வேர் வேறோரிடத்தில் கிடப்பது மருத்துவ வரலாற்றில் புதிதன்று. ஆயினும் விழியின் ஆட்டத்துக்கு வயிற்றிலோ மார்பிலோ உள்ள கட்டி காரணமாகலாம் என்று தெளிய மருத்துவ உலகுக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

போலந்து இனத்தவரான நரம்பியல் மருத்துவர் கசிமியேஷ் ஓஷெகோவ்ஸ்கி, விழிகள் மேலும் கீழும் பக்கங்களிலுமாக ஒழுங்கின்றித் துள்ளுவதற்கு 1913ஆம் ஆண்டில் ‘ஆப்சோகுளோனஸ்’ எனப் பெயரிட்டார். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

1962இல் மார்சல் கின்ஸ்போர்ன் இங்கிலாந்தில் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். நேற்றுவரை நன்கு நடந்த குழந்தை தள்ளாடி விழும்; கைகால்கள் வெடுக்கென இழுக்கும்; கண்கள் கூத்தாடும்; காரணமின்றிச் சினந்து அழும். ஏ.சி.டி.எச். என்னும் சுரப்பு மருந்து இக்குறிகளைத் தணித்ததையும் அவர் குறித்தார். 1968இல் டைக்கன், கோலார் என்பார் தம் கட்டுரைக்கு ‘ஆடும் கண்கள், ஆடும் பாதங்கள்’ எனத் தலைப்பிட்டனர். பெற்றோரின் துயரத்துக்கு நடனத்தின் பெயர் பொருந்துமோ என்பது வேறு.

அதே ஆண்டில் சாலமன், சுட்டோரியன் என்னும் இருவரும், இத்தகைய கண்ணாட்டத்தின் பின்னே நியூரோபிளாஸ்டோமா என்னும் நரம்புக்கட்டி வெளித்தெரியாமல் ஒளிந்திருக்கக்கூடும் என்று காட்டினர். இக்கட்டி பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலோ முதுகெலும்பை ஒட்டியோ தோன்றுவது. ஆட்டம் கண்டால் வயிற்றையும் மார்பையும் ஆராய வேண்டும் என்ற வழக்கம் இவ்வாறு வலுப்பெற்றது. இந்நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கட்டி காணப்படுகிறது. முதியோர்க்கு இது வரின், நுரையீரலையும் மார்பகத்தையும் சோதிப்பர்.

கட்டிக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு? கட்டியை எதிர்த்தெழும் உடலின் காவற்படை, அதனையொத்த கூறுகளைக் கொண்ட மூளையணுக்களையும், சிறப்பாகச் சிறுமூளையை, பகையெனத் தாக்குகிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இவ்வெதிர்ப்பினாலேயே இக்குழந்தைகளின் கட்டி பெரும்பாலும் பரவாது நிற்கிறது என்றும் கருதுவர்.

ஆனால் கட்டியை அறுத்தெடுத்தாலும் ஆட்டம் முற்றும் நிற்பதில்லை. எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளும் வேண்டும். சளியோ காய்ச்சலோ வந்தால் நோய் திரும்புவதும் உண்டு. உயிர் பிழைத்துப் பள்ளிக்கு வரும் இக்குழந்தைகளுள் பலருக்குப் பேச்சு தெளிவதில்லை, எழுதுகோல் கைக்கு அடங்குவதில்லை, கவனம் நிலைப்பதில்லை. சோம்பல் என்றும் அடங்காமை என்றும் வகுப்பறையில் பெயர் பெறுவது சிறுமூளையில் பட்ட காயமாகவும் இருக்கலாம்.