சீசன் நேரத்துல கன்னியாகுமரி போறீங்களா? இதைப் படிச்சுட்டு பையைக் கட்டுங்க!

கன்னியாகுமரியில எந்த மாசம் போனாலும் சூரியன் கடல்ல உதிச்சு கடல்லயே மறையும்னு நினைச்சுட்டு இருக்கீங்களா? அதான் இல்லை. உதயத்தை வருஷம் முழுக்க கடல் மேல பார்க்கலாம். ஆனா, கோடையில சூரியன் வடக்கே நகர்ந்துவிடுவதால், மாலையில் நிலப்பக்கமா இறங்கிடும். ஒரே ஊரில் ரெண்டையும் கடல் மேல் பார்க்க, சுமாரா அக்டோபர் முதல் பிப்ரவரி வரைதான் சான்ஸ்.

ஐயப்ப சீசன், அரையாண்டு லீவு, நியூ இயர், பொங்கல் எல்லாம் வருவதும் இதே மாதங்களில்தான். அதனால கூட்டத்தைத் தவிர்க்க முடியாது. ஆனா, நேரத்தைச் சரியா பிரிச்சுக்கிட்டா தப்பிக்கலாம்.

விடியலுக்கு முன்னாடி

டிசம்பர் கடைசியில் சூரிய உதயம் சுமார் 6.30 மணிக்கு. 5.45-க்கே முக்கடல் சங்கமத்துக்குப் போயிடுங்க. சூரியன் வர்றதுக்கு முந்தைய 20 நிமிஷம்தான் வானம் செம கலரா இருக்கும். வடகிழக்குப் பருவமழை முழுசா விடாத நேரம் என்பதால், மேகம் மறைச்சிடவும் வாய்ப்பு உண்டு. ரெண்டு ராத்திரி தங்குற மாதிரி பிளான் பண்ணா, இன்னொரு விடியல் கையில் இருக்கும். ஊருக்குள் ரூம் கிடைக்கலைன்னா, சுமார் 20 கி.மீ தூரத்தில் இருக்கும் நாகர்கோவில்ல தேடுங்க.

படகுக்கு முதல் வேலை

உதயம் பார்த்துட்டு ரூமுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்தா, விவேகானந்தர் பாறைக்கான க்யூ தெருவரைக்கும் நீண்டிருக்கும். டிபனைச் சீக்கிரம் முடிச்சுட்டு நேரா படகுத்துறைக்குப் போறதுதான் புத்திசாலித்தனம். கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ, அலை அதிகமானாலோ படகை நிறுத்திடுவாங்க. அதனால படகுப் பயணத்தை ஊருக்குக் கிளம்புற கடைசி நாளுக்குத் தள்ளி வைக்காதீங்க.

133 அடி உயர திருவள்ளுவர் சிலைக்குப் போறது இப்போ ஈஸி. 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில், விவேகானந்தர் பாறையில் இருந்து நடந்தே போயிடலாம்.

மதியம் ஊருக்கு வெளியே

உச்சி வெயில்ல கடற்கரையில் வேலை இல்லை. 18-ம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் பலப்படுத்திய வட்டக்கோட்டை பக்கத்துலயே இருக்கு. கோட்டை மேல நின்னா ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. மரவேலைப்பாடு பிடிக்கும்னா, தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை, திங்கட்கிழமை லீவு. சுசீந்திரம் கோயில் மதியம் நடை சாத்தியிருக்கும், மாலையில் போங்க. சன்செட்டுக்குக் கூட்டம் வேண்டாம்னா, `அலைகள் ஓய்வதில்லை' படம் எடுத்த முட்டம் பக்கம் போகலாம்.

கடலோட விளையாட்டு வேண்டாம்

சங்கமத்தில் தடுப்பைத் தாண்டி செல்ஃபிக்காகப் பாறையில் ஏறாதீங்க. இந்த மாவட்டக் கடற்கரையில் முன்னறிகுறியே இல்லாமல் அலை பொங்கும். எங்கோ தூரக் கடலில் அடிக்கும் காற்றால் வர்ற இதை `கள்ளக்கடல்'னு சொல்வாங்க. 2024 மே மாதம், எச்சரிக்கை இருந்த நேரத்தில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் 5 பேர் திரும்பி வரலை. உள்ளூர் மீனவர் யாராவது ``இறங்காதீங்க மக்களே''ன்னு சொன்னா, அங்கேயே நின்னுடுங்க.

கரையோரமா நடக்கும்போது சுனாமி நினைவுத்தூணையும் பார்ப்பீங்க. 2004 டிசம்பர் 26-ம் தேதி காலையிலும் இங்கே இதே சீசன் கூட்டம்தான். விவேகானந்தர் பாறைக்குப் போனவங்க கரை திரும்ப முடியாம தவிச்ச நாள் அது. போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி, அங்கே ஒரு நிமிஷம் சும்மா நின்னுட்டு வாங்க.